ஐ-யில் மாட்டிக்கொண்டவர்கள்

பண்ணைக்காட்டில் கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் எடுக்கிற காலம். விடிந்ததும் அம்மாமார்கள் கூடையும் சாக்குமாகத் தோட்டத்துக்கு ஏறிவிடுவார்கள். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்கும், இல்லையென்றால் கூடவே தோட்டத்துக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வகுப்பு நிறைந்திருக்கும், மறுநாள் பாதி காலி. கொடைக்கானல் கீழ்மலையின் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்த எனக்கு இது சீக்கிரமே விளங்கிவிட்டது: நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்குத் தொடர முடியாது. எந்த நாள் வந்த பிள்ளையும், எந்த வயதுப் பிள்ளையும், வந்த உடனே உள்ளே நுழையும்படியான ஒன்று வகுப்பில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம் உட்கார்ந்திருக்கிற ஈராசிரியர் பள்ளியில் அதற்கு இரட்டைத் தேவை. சொல் விளையாட்டை நான் பிடித்துக்கொண்டது அதனால்தான். பாடம் முடிந்து மிஞ்சிய நேரத்தைப் போக்குவதற்காக அல்ல; பாடமே அதுதான் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

தொடங்கியது பாட்டுக்குப் பாட்டிலிருந்து. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. பிள்ளைகளுக்கு அதை டிவியில் பார்த்த பழக்கம். பாட்டை எடுத்துவிட்டுச் சொல்லை வைத்தேன். ஒருவர் சொல்லும் சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் புலவர்களுடைய அந்தாதிதான் இது, செய்யுளுக்குப் பதில் ஒற்றைச் சொல்.

"மரம்" என்றது ஒரு பிள்ளை. "மலை" என்றது அடுத்தது. அங்கேயே வண்டி நின்றுவிட்டது. லை-யில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? பின்வரிசையிலிருந்து ஒருவன் "லைட்டு" என்று கத்தினான். கைதட்டல். இப்போது டு-வில் தொடங்க வேண்டும். "டும்டும்" என்றாள் ஒருத்தி. "அது சத்தம், சொல் இல்ல" என்று சண்டை. விளையாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சட்டம் பேசினோம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் வழி சொன்னாள்: "எழுத்துக்குள்ள இருக்கிற உயிர எடுத்துக்கலாம் டீச்சர்." லை என்றால் ல் கூட்டல் ஐ. ஐ-யில் சொல். டு என்றால் ட் கூட்டல் உ. உ-வில் சொல்.

இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து என் வேலை பாதியாகக் குறைந்தது. உயிர்மெய்யைப் பிரிப்பதுதான் தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பெரிய மேடு. கா என்ற எழுத்து அதன் காதில் ஒரே சத்தம். அதற்குள் க் ஒன்றும் ஆ ஒன்றும் இருப்பது தானாகக் கேட்காது. கன்னடம் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி பெங்களூரில் சோனாலி நாக் செய்து 2007-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: ஆங்கிலத்தின் 26 எழுத்தைப் போல ஓர் ஆண்டில் முடிகிற வேலை இல்லை, நம் பக்கத்து எழுத்து வரிசை முழுவதும் கைவர மூன்றாம் நான்காம் வகுப்பு வரைகூட ஆகும், அசை முதலில் பிடிபடும், அதற்குள் இருக்கும் ஒலி பிந்தித்தான் பிடிபடும். கரும்பலகையில் க் + ஆ = கா என்று நான் மாதக்கணக்கில் எழுதிப் போட்டும் ஏறாதது, தன் முறை வந்து எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏறியது.

பிறகு பிள்ளைகள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஐ-யில் தொடங்கும் சொற்கள் ரொம்பக் குறைவு. ஐ-யில் முடியும் சொற்களோ கொட்டிக் கிடக்கின்றன. மலை, மழை, இலை, வாழை, காளை, உலை, ஆலை. எதிர்க்கட்சியைக் கவிழ்க்க வேண்டுமா, ஐ-யில் மாட்டிவிட்டால் போதும். "ஐந்து" என்று சொல்லித் தப்பித்தால் உ. உடனே "உலை". மறுபடியும் ஐ. "ஐயா" என்றால் ஆ. "ஆலை". மறுபடியும் ஐ. மாட்டிக்கொண்ட கட்சி சும்மா இருக்குமா? ஐப்பசி வந்தது. ஐம்பது வந்தது. எல்லைச்சாமி ஐயனார் வந்தார், மாலை போடுகிற வீட்டிலிருந்து ஐயப்பன் வந்தார். அதோடு கையிருப்பு தீர்ந்தது. ஒருவன் ஆத்திசூடியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே போய் ஐ-க்கு ஔவையார் வைத்த 'ஐயம்' என்ற சொல்லில் நின்றான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒப்பித்த வரி அது. அதற்கு ஒரு பயன் இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மறுநாள் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்த அகராதியைப் பெண்பிள்ளைகள் இறக்கி வைத்துக்கொண்டு ஐ பக்கத்தைப் புரட்டினார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

ல், ள், ழ், ன் என்று புள்ளி எழுத்தில் முடிந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவர்களே சட்டம் போட்டார்கள்: அதற்கு முந்தின எழுத்தைப் பிடி. தேன் என்றால் தே. தேர், தேள், தேங்காய். சட்டம் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டினோம். பக்கத்தில் இன்னொரு தாள்: எந்த எழுத்தில் சொல்லே கிடைப்பதில்லை? ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. உடனே ஆட்சேபம் வந்தது. டீ இருக்கிறதே, ரேஷன் இருக்கிறதே, லாரி, ரோடு? அவை எங்கிருந்து வந்த சொற்கள் என்ற பேச்சு அப்படித் தொடங்கியது. பழைய புத்தகங்கள் இராமன், உலோகம் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எழுதுவது ஏன் என்பதும் அந்தப் பேச்சிலேயே விளங்கியது. பவணந்தி முனிவர் நன்னூலில் மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்று கணக்குச் சொல்கிறார். மேல்வகுப்பில் பிள்ளைகள் அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். என் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகள் தோற்றுத் தோற்று அதை அறிந்துகொண்டார்கள். எது நிற்கும் என்று ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கிற ஸ்கிராபிள் விளையாட்டை அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர் 1930-களில் உருவாக்கினார். எந்த எழுத்துக்கு எத்தனை கட்டை வேண்டும் என்று முடிவு செய்ய அவர் செய்தித்தாளில் எழுத்துகளை எண்ணினாராம். ஆங்கிலத்துக்கு நூறு கட்டை போதும். தமிழுக்கு 247 எழுத்து; அந்தப் பெட்டியை அப்படியே தமிழாக்கினால் நம் பிள்ளைக்குக் கையில் கட்டை இருக்கும், சொல் வராது. ஆகவே நாங்களும் எண்ணினோம். பழைய செய்தித்தாளில் ஆளுக்கு ஒரு பத்தி. புள்ளி வைத்த எழுத்துகளே அதிகம் வந்தன: க், ம், ன், ல், த். உயிர்மெய்யில் கு, து, க, த. ஔ வரிசை கிட்டத்தட்ட இல்லை. அந்தக் கணக்குப்படி கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எழுதி எழுத்துச் சீட்டுகள் செய்தோம். முகூர்த்த மாதம் முடிந்தால் பண்ணைக்காட்டில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை; நல்ல கனத்த காகிதம், ஈரக்காற்றிலும் சுருளாது.

சீட்டு விளையாட்டில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது ஊர்ப் பெயரைக் கலைத்துப் போடுவது. பண்ணைக்காடு என்ற பெயரில் ப, ண், ணை, க், கா, டு என்று ஆறு சீட்டு. பண்ணையும் காடும் எல்லோருக்கும் தெரிகிறது. பண், படு, காண் அடுத்து வரும். பண்டு என்று ஒருவன் அடுக்கினால் அதற்குப் பொருள் உண்டா என்று வழக்கு. பணை கடைசியில்தான் வரும், அதற்கும் அகராதி வேண்டும். வத்தலக்குண்டில் வண்டு, தண்டு, குண்டு, வடு என்று பெரிய அறுவடை. கொடைக்கானலுக்குள் ஒரு காடை ஒளிந்திருக்கிறது. தாண்டிக்குடிக்குள் தாடி இருப்பதைக் கண்டவன் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எழுத்தை ஒவ்வொன்றாக உருவுவது இன்னொரு விளையாட்டு. பலகையில் ல-வை எடுத்தால் பகை, ப-வையும் எடுத்தால் கை. தாமரையில் தா போனால் மரை. திரும்பக் கட்டினால் கை, பகை, பலகை. இது என் கண்டுபிடிப்பு அல்ல. தண்டியலங்காரத்தின் சித்திரகவிப் பட்டியலில் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவதற்கு அக்கரச்சுதகம் என்றும், கூட்டிக்கொண்டே போவதற்கு எழுத்து வருத்தனம் என்றும் பெயர் இருக்கிறது. அதே பட்டியலில் திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றும், கேள்விகளின் விடைகள் சேர்ந்து ஒரு சொல்லாகும் வினாவுத்தரமும் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று எண்ணி வருகிற ஏழில் பிசியும் ஒன்று. பிசி என்றால் விடுகதைதான். காளமேகம் சிலேடைக்கென்றே பேர் வாங்கினார். பெரியவர்கள் இத்தனை காலம் ஆடிய ஆட்டத்தை ஆறு வயதில் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? சொல் விளையாட்டு என்றதும் வெளிநாட்டுப் பெட்டியைத் தேடுகிற தனியார் பள்ளித் தாளாளர்களிடமும் பெற்றோரிடமும் இதை நான் பல முறை சொல்லியிருக்கிறேன்.

வரிசை எழுத்துகளுக்கு பஸ் போகிற ஊர்கள் உதவின. ப-வுக்குப் பண்ணைக்காடு, பா-வுக்குப் பாச்சலூர், பூ-வுக்குப் பூலத்தூரும் பூம்பாறையும், பெ-வுக்குப் பெரும்பாறையும் பெருமாள்மலையும், பே-வுக்குப் பேத்துப்பாறை, பொ-வுக்குப் பொள்ளாச்சி, போ-வுக்குப் போடி. பீ, பை காலியாகவே கிடந்தன. கண்டக்டர் மாமாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்வதாக ஒரு பையன் பொறுப்பேற்றுக்கொண்டான்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ழ கிடையாது. வாளப்பளம்தான். சிறுமலை வாழையும் மலைவாழையும் விளைகிற மண்ணில் பிள்ளைகள் தினமும் சொல்கிற சொல்லே பரீட்சையில் தப்பாகிறது. உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று பிள்ளையை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால் அது வாயையே மூடிக்கொள்ளும். அதனால் நாக்கு புரளும் வாக்கியங்களை அவர்களையே கட்டச் சொன்னேன். மூன்று பேர் சேர்ந்து கட்டியது இது: "மேல்மலை மழை கீழ்மலை வாழையில விழ, வாழை வழியில விழ, வழி எங்கே?" வேகமாகச் சொல்லி யார் தடுமாறினாலும் எல்லோருக்கும் சிரிப்பு, தடுமாறியவருக்கும் சேர்த்து. இரண்டு வாரத்தில் ழ வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போனால் மறுபடியும் வாளப்பளம்தான். வீட்டில் அப்படித்தான் பேச வேண்டும், அது அவர்கள் அப்பத்தா பேச்சு. ஆனால் மலை, மழை இரண்டும் வேறு வேறு ஒலி என்று காது அறிந்துகொண்டது. எழுதும்போது கை ஒரு கணம் நின்று யோசித்தது. எனக்கு அது போதும்.

காதுப் பழக்கத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் நானூறு பிள்ளைகளை நாலு, ஐந்து வயதிலிருந்து சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1983-ல் எழுதினார்கள். மூன்று நான்கு சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராத ஒன்று எது என்று கேட்பது அவர்களுடைய சோதனை. அதில் தேறிய பிள்ளைகளே பின்னால் வாசிப்பிலும் எழுத்துப் பிழையின்மையிலும் முன்னால் நின்றார்கள். பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைக் கேட்டபோது எனக்கு எதுகையும் மோனையும் நினைவுக்கு வந்தன. மலை, வலை, கலை, பறை: எது சேரவில்லை? எழுத்தே தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு "பறை" என்கிறது. எதுகை என்ற பெயரை அப்போது சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பெயர் எட்டாம் வகுப்பில் வந்தால் போதும்.

விடுகதையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஒரு விடுகதை வாங்கி வர வேண்டும் என்று வைத்தேன். முதலில் எல்லோரும் அறிந்தவையே வந்தன. அவை தீர்ந்ததும், "இனிமே நீங்களே போடுங்க" என்றேன். ஒரு விடுகதை கட்ட வேண்டுமானால் பொருளை உற்றுப் பார்க்க வேண்டும், பெயரைச் சொல்லாமல் அதைச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் எங்கே தடுமாறுவார் என்றும் யோசிக்க வேண்டும். கட்டுரை எழுதுவதன் மொத்த வேலையும் இரண்டு வரியில் வந்துவிடுகிறது. காப்பித் தோட்டத்துப் பிள்ளை ஒன்று போட்டது: "வெள்ளையாப் பூத்தேன், பச்சையாக் காய்ச்சேன், செவந்து விழுந்தேன், கறுத்து மணந்தேன்." மழைக்காலத்தில் ஒருவன் போட்டது: "கூப்பிடாம வருவான், கேக்காமக் குடிப்பான், சொல்லாமப் போவான்." அட்டை. பூச்சி அட்டை. அவனே உடனே என் கையிலிருந்த எழுத்துச் சீட்டைக் காட்டி, "இந்த அட்டை கடிக்காது டீச்சர்" என்றான். சிலேடை என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குறிஞ்சி பூத்த 2018-ல் ஒரு சிறுமி, "பன்னண்டு வருசத்துக்கு ஒரு தடவைதான் இவ சிரிப்பா" என்றாள்.

அந்த வகுப்பில் பளியர் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்து பேசாது. பெயர் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்ளும். பாடப்புத்தகத்தில் இருக்கிற வீடு, சந்தை, ரயில் எதுவும் அதன் உலகத்தில் இல்லை. அதன் பேச்சின் ராகமும் மற்றப் பிள்ளைகளுக்கு வேறாகக் கேட்டது. விடுகதை நாளில் முறை சுற்றி வந்தபோது அதைத் தாண்டிப் போகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது மெதுவாகச் சொன்னது: "ஆயிரம் பேரு சமைப்பாக, அடுப்பு ஒண்ணும் கெடையாது." யாருக்கும் விடை தெரியவில்லை. நானும் யோசித்தேன். "தேனீ" என்று அதுவே சொல்லிவிட்டு, பிறகு நிறுத்தவில்லை. பாறையில் கட்டுவது மலைத்தேனீ, குச்சியில் கட்டுவது கொம்புத்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ, கொட்டாமல் சின்னதாக இருப்பது கொசுத்தேனீ. நான்கையும் கரும்பலகையில் எழுதினேன். புத்தகத்தில் தேனீ என்று ஒரு சொல்தான் உண்டு. மற்றப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். அது முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல் அம்மாவும் அல்ல, அணிலும் அல்ல, கொம்புத்தேனீ. ஒற்றெழுத்தும் நெடிலும் நிறைந்த, எந்த முதல் பாடத்திலும் வைக்கத் துணியாத சொல்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் 1963-ல் வந்த தன் புத்தகத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு மிக வேண்டிய சொல் எது என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அதிலிருந்து வாசிப்பைத் தொடங்கினார். அச்சம், ஆசை இரண்டையும் தொடுகிற சொல் நீளமாக இருந்தாலும் பிள்ளைக்கு ஒரே பார்வையில் பிடிபடும் என்பது அவருடைய அனுபவம். பண்ணைக்காட்டிலும் அதுவேதான். காட்டுமாடு என்ற சொல்லை மறந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. காலையில் பள்ளிக்கு வருகிற வழியில் அது நிற்குமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

மாநிலம் முழுவதும் 2007-ல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பாட்டும் ஆட்டமும் பொம்மையும் வகுப்புக்குள் வரலாம் என்று அரசே சொன்னது எங்களுக்குப் பெரிய பலம். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இரண்டாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒரு நாள்கூட ஒன்றாம் வகுப்பைப் பார்க்காதவர்கள். செல்போன் சிக்னல் கிடைக்காத வளைவுகளில் ஆன்லைன் வகுப்பு என்ன செய்திருக்க முடியும்? அந்தப் பிள்ளைகளோடு நான் எழுத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு மாதம் வாயால் மட்டும் ஆடினோம். சொல் தொடர், எதுகை, விடுகதை. பிறகு சீட்டை எடுத்தபோது கை தானாக நீண்டது.

இந்த வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அவுட் ஆக்கி உட்கார வைக்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். முதலில் அவுட் ஆகிற பிள்ளைக்குத்தான் இன்னும் பத்து முறை வாய்ப்பு வேண்டும். அதை ஓரமாக உட்கார வைத்தால் தெரிந்த பிள்ளைகளே தெரிந்ததை ஆடிக்கொண்டிருப்பார்கள். பரிசும் வேண்டாம். கட்சி பிரித்தால் பெரியதும் சிறியதும் கலந்த கட்சியாக இருக்கட்டும், காதில் ஓதிக் கொடுப்பதைத் தடுக்காதீர்கள், கற்பது அந்த ஓதலில்தான் நடக்கிறது. பிள்ளை வீட்டுச் சொல்லைச் சொன்னால் அதைப் பலகையில் ஏற்றிவிட்டு அதன் பக்கத்தில் நூல் சொல்லை எழுதுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுதாதீர்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வாக்கியம் எழுதுவதில் முடியட்டும். அன்று கிடைத்த சொற்களில் இரண்டை எடுத்து ஒரே வாக்கியத்தில் வைக்கச் சொன்னால் போதும்.

விளையாட்டால் எல்லாம் வந்துவிடாது. ற-வுக்கும் ர-வுக்கும் உள்ள வேறுபாட்டை, பறவைக்கும் பரவைக்கும், அறத்துக்கும் அரத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் படித்துப் படித்துத்தான் நிலைநிறுத்த வேண்டும். அதற்குக் கதைப்புத்தகம் வேண்டும். கீழ்மலைப் பள்ளிகளுக்கு நல்ல கதைப்புத்தகங்கள் இன்னும் நிறைய வேண்டும். ஊரிலிருந்து ஏறி வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் இரண்டு கதைப்புத்தகம் கொண்டுவந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

பெற்றோருக்கு ஒன்று. பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிற பஸ்ஸில் வளைவு வளைவாக எவ்வளவோ நேரம் இருக்கிறது. பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிடாமல் ஒரு சொல்லைச் சொல்லித் தொடங்கிவையுங்கள். விடுகதை போட்டால் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்; ஊர் வரும் வரை யோசிக்கட்டும்.